மலை இருந்த பக்கம்

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் அம்மாயி ஊரைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கைப்பேசியில் இருக்கிற ஏஐயிடம் கேட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. ஊருக்கு மேற்கே கொல்லிமலை என்று அதில் இருந்தது.

"மேக்கயா? சூரியன் அந்த மலை மேலதானே சாமி எந்திரிக்குது" என்று சொல்லிவிட்டேன். நான் யாரையும் திருத்திப் பேசுகிறவள் இல்லை. அவள் அதையே தட்டினாள். உடனே மன்னிப்புக் கேட்டுக் கிழக்கே என்று மாற்றியது.

"அவ்வளவுதானுங்க அம்மாயி, முடிஞ்சுது" என்று எழுந்து போனாள். என்னால்தான் எழ முடியவில்லை.

ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் அஞ்சாம் வகுப்புப் படித்தபோது, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் புதிதாக வந்தார். மலையே இல்லாத ஊர்க்காரர். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று, நெசவுக்காரர் வீடுகளில் சாயம் கேட்டு வாங்கி, வகுப்புச் சுவர் முழுக்க எங்கள் வட்டாரத்தை வரைந்தார். நான்கு நாள் வேலை. ஆறு நீலம், ரோடு சிவப்பு, கொல்லிமலை பச்சை. தலைமையாசிரியர் வந்து பார்த்து ரொம்ப மெச்சினார்.

மலை மட்டும் மேற்கில் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு மலை, சுவரில் ஒரு மலை. இரண்டும் ஒன்றுதான் என்று வேறெந்தப் பிள்ளைக்கும் தோன்றவில்லை. எனக்கோ பேர் கூப்பிட்டால் பதில் சொல்லவே குரல் வராது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் இவர் மாட்டிக்கொள்வாரே என்று, மணி அடித்து எல்லோரும் ஓடிய பின்னும் கதவோரம் நின்றேன்.

"என்னம்மா?"

"மலைங்க சார்..." சன்னலைக் காட்டினேன்.

அவர் சன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "சூரியன் அந்த மலைப் பக்கமா வருது?"

தலையாட்டினேன்.

"தலையாட்டாதே. வாயால சொல்லு."

"ஆமாங்க சார். அங்கிருந்துதான் வருதுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மாமன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரு கூடை நிறையச் சுண்ணாம்பு வாங்கிட்டுப் போறாரு. பள்ளிக்கூடத்துல என்ன, கண்ணாலமா?"

மலையை மட்டும் அழிக்கப் போய், சாயம் கரைந்து ஆறும் ரோடும் ஒழுகியிருக்க வேண்டும். மறுநாள் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு பட்டு அவர் விரல்கள் வெந்திருந்தன.

"என்னய்யா, சுவர் மொட்டையாக் கிடக்கு? பெரிய படம் போட்டிருக்கிறதா ஹெட்மாஸ்டர் சொன்னாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போட்டேன் சார். மலையைத் தப்பான பக்கத்துல போட்டுட்டேன். இந்த வகுப்புல ஒரு பொண்ணு பார்த்துச் சொல்லுச்சு."

"அஞ்சாம் வகுப்புப் பொண்ணு சொல்லி நீர் அழிச்சீரா?"

"அது சொன்னது சரி சார்."

தலைமையாசிரியர் முகம் சுருங்கியது. இன்ஸ்பெக்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "எந்தப் பொண்ணு?" என்றார்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் முன்பெஞ்சுக்காரியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அதன்பிறகு அவர் கூப்பிட்டபோதெல்லாம் தலையைக் குனிந்தபடியே நின்றேன். அந்த வருசத்தோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளில்கூட அவரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்காகத்தானே பயந்து பயந்து போய்ச் சொன்னோம், இவர் இத்தனை பேர் முன்னால் நம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டாரே என்று போன வாரம் வரைக்கும் கோபமாகவே இருந்தேன்.