அழகுசுந்தரம் தேர்ந்தெடுத்த எழுத்துரு

கருப்பையா அழகுசுந்தரம், 1961–2024. பிறந்த ஊர் இளையாத்தங்குடி; வாழ்ந்த ஊர் காரைக்குடி. தொழில், தரையில் பதிக்கும் பூக்கல்லுக்கு அச்சுச் செய்தல். அவருடைய மனைவி சோலையம்மாளும், அவருடன் பணியாற்றிய அருள்பாண்டியும் சொன்னவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

அச்சு என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். பூக்கல்லைக் கண்ணாடியின் மீது வார்ப்பார்கள். தகட்டுப் பட்டைகளை வளைத்துப் பற்றவைத்து, மேலே குறுக்குக் கம்பியும் கைப்பிடியும் வைத்த அச்சைக் கண்ணாடியில் இறக்கி, அதன் அறைகளில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவார்கள். இறுகிய பின் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கமே கல்லின் முகமாக அமையும். ஆகவே அச்சில் இடப்பக்கம் இருப்பது கல்லில் வலப்பக்கம் வரும். அழகுசுந்தரம் நாற்பது ஆண்டுகளாகச் செய்தவை பெரும்பாலும் பூக்கள். பூவுக்கு இடமும் வலமும் ஒன்றே.

2022ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் செல்லவில்லை. காரணம், தச்சு வேலை செய்த அவருடைய அண்ணன் பெரியகருப்பன். அவருக்கும் இதே நடுக்கம் வந்தது. ஒருநாள் உடன் வேலை செய்தவர்கள் அவர் கையிலிருந்த உளியை வாங்கி வைத்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகு எவரும் அவரிடம் உளியைத் திருப்பித் தரவில்லை. அன்று அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்தவர் அழகுசுந்தரம்தான். வழி நெடுக அண்ணன் வாய் திறக்கவில்லை என்று அவர் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

தமக்கும் அப்படி ஆகக் கூடாதென்று அவர் நடுக்கத்தை ஒளித்தார். வேலை செய்த பட்டறையில் தேநீர் வந்தால், ஆறட்டும் என்று கீழே வைத்துவிட்டு, எல்லாரும் எழுந்து போன பின் இரு கைகளாலும் எடுத்துக் குடித்தார். பேசும்போது வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். புதிய பூ வடிவம் கேட்டு வந்தவர்களுக்கு, பழைய அச்சே போதும் என்று சொல்லி அனுப்பினார்.

2023 ஆகஸ்டில் பட்டறைக்குக் கீர்த்தி என்னும் வடிவமைப்பாளர் வந்தார். கொத்தமங்கலத்தில் ஒரு பழைய பெரிய வீடு தங்கும் விடுதியாகிறது. அதன் முகப்பில் ‘வளவு’ என்ற பெயரைக் கல்லுக்கு ஓர் எழுத்தாகப் பதிக்க வேண்டும். அவர் நான்கு எழுத்துருக்களை அச்சிட்டுக் கொண்டுவந்து விரித்தார். ஒன்று தூரிகையால் எழுதியதைப் போலத் தடித்தும் மெலிந்தும் ஓடியது. ஒன்று கோயில் கல்வெட்டைப் போல இருந்தது. ஒன்றின் எழுத்துகளுக்கு முனைதோறும் சிறு கொக்கிகள் இருந்தன. நான்காவதில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன். வளைவுகள் யாவும் வட்டத்தின் துண்டுகள், மற்றவை நேர்கோடுகள்.

பட்டறை உரிமையாளர் மீனாட்சிசுந்தரம் தூரிகை எழுத்தைக் காட்டினார்.

“இதுல ஒரு நெளிவு இருக்குல்ல. அண்ணன் கைக்கு இதுதான் தோது.”

அழகுசுந்தரம் நான்காவது தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதுதான் நிக்கும். மத்ததுல மெலிசான எடத்துல சாந்து எறங்காது. எறங்குனாலும் பக்கத்துக் கலரு தின்னுரும்.”

“எனக்கும் இதுதான் பிடிச்சதுங்கய்யா. ஆனா ரொம்ப மொட்டையா இருக்குன்னு நீங்க சொல்லுவீங்களோன்னு நினைச்சேன்” என்றார் கீர்த்தி.

“பூவா போட்டுக்கிட்டு இருந்தீக, இப்பக் காம்பஸ் பெட்டிய எடுத்துட்டீகளா?” என்று மீனாட்சிசுந்தரம் சிரித்தார். “எந்த ஸ்கூல்ல சேந்திருக்கீக?”

எல்லாரும் சிரித்தார்கள். அழகுசுந்தரமும் சிரித்தார். சாந்தைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் அவர் அந்த எழுத்தைத் தேர்ந்ததற்கு அது காரணம் அன்று. தூரிகை எழுத்தின் நெளிவைக் கையால் மட்டுமே வளைக்க முடியும். வட்டத்தின் துண்டை ஒரு குழாயின் மீது வைத்து அழுத்தி வளைத்துவிடலாம். கை நடுங்கினாலும் குழாய் நடுங்காது.

பட்டறையில் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி, வேலையை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். வெவ்வேறு பருமனுள்ள மூன்று குழாய்த் துண்டுகளை வாங்கி, பிடிப்பானில் இறுக்கி, பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வளைத்தார். வளைப்பது எளிதாகவே நடந்தது. பற்றவைப்பதுதான் அவரை வதைத்தது. மணிக்கட்டைத் துண்டால் பலகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பற்றவைத்தார். ஈயம் விரலில் சொட்டியது. சோலையம்மாள் கதவைத் தட்டினார்.

“நான் வேணாப் பிடிச்சுக்கிறவா?”

“ஒன்னய யாரு கூப்பிட்டா? போ அங்குட்டு.”

“கை நழுவி டம்ளரு உருளுற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீகளா?”

சற்று நேரம் கழித்து உள்ளிருந்து, “சோலை, இது மட்டும் முடிஞ்சிறட்டும்” என்ற குரல் மட்டும் வந்தது. தம்மிடம் அவர் கெஞ்சிக் கேட்டது அந்த ஒரு முறைதான் என்று சோலையம்மாள் சொன்னார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டைகளை அடுக்கியதும், பற்றவைக்கும் முன், இன்னொருவரை அழைத்து முகம் பார்க்கும் கண்ணாடியில் அச்சைக் காட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரிவதுதான் கல்லில் வரும். யாருடைய கண்ணிலும் படாமல் வேலையை முடிக்க நினைத்தவர், அந்த வழக்கத்தையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். மூன்று அச்சுகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, சாந்து ஊற்றும் அருள்பாண்டி வழக்கப்படி கேட்டார்.

“கண்ணாடி பாத்தாச்சாண்ணே?”

“வீட்லயே சோலை பாத்துட்டா. நீ ஊத்து.”

அருள்பாண்டி ஊற்றினார். அச்சில் எழுத்து நேராகத் தெரிந்ததே, அதனால் தமக்குச் சந்தேகம் எழவில்லை என்று அவர் இன்றும் வருந்துகிறார்.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை, கற்களைப் பிரித்தார்கள். கீர்த்தியும் வந்திருந்தார். கோடுகள் கூர்மையாக இருந்தன. ஒரு வண்ணமும் மற்றொன்றில் கலக்கவில்லை. மூன்று எழுத்துகளும் இடவலம் மாறித் திரும்பியிருந்தன.

மீனாட்சிசுந்தரம்தான் சமாதானமாகப் பேசினார்.

“இதுக்குப் போயி ஏண்ணே மொகத்தத் தொங்கப்போடுறீக? அச்சத் திருப்பிப் போட்டாச் சரியாப் போச்சு. மேல இருக்கிற குறுக்குக் கம்பியையும் கைப்பிடியையும் எடுத்து அந்தப் பக்கம் பத்தவைங்க. ஒரு மணி நேர வேலை. இங்குட்டே உக்காந்து செஞ்சிருங்க, சாயங்காலமே ஊத்திருவோம்.”

அவர் சொன்னது சரி. பழகிய கைக்கு அது ஒரு மணி நேர வேலைதான்.

“வீட்டுக்குக் கொண்டு போறேன்” என்றார் அழகுசுந்தரம்.

“இதுக்கெதுக்கு வீட்டுக்கு? டேபிள் அங்குட்டு இருக்கு.”

“வெளிச்சம்…”

“நேத்துத்தானே லைட்டு போட்டோம். உங்களுக்காகத்தானேண்ணே போட்டது.”

உண்மையிலேயே அவருக்காகத்தான் புது விளக்குப் போட்டிருந்தார்கள். அவர் மேசைக்குச் சென்று அமர்ந்தார். முதல் அச்சைக் கவிழ்த்து வைத்தார். சூடேறிய பற்றவைக்கும் இரும்பை எடுத்தார். அதன் முனை தகட்டில் பட்டுக் கடகடவென்று ஒலிக்கத் தொடங்கியது. அவர் இடக்கையால் வலக்கையைப் பற்றினார், ஒலி நிற்கவில்லை. ஈயம் எழுத்தின் உட்புறத்தில் விழுந்தது. அதை எடுக்கப் போனவர் வளைவையே இடித்துவிட்டார். மறுபடியும் முயன்றார். சாந்து கலக்கிக் கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள். கீர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அருள்பாண்டி அருகில் வந்து குனிந்தார்.

“இங்குட்டுக் குடுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்.”

அழகுசுந்தரம் கொடுக்கவில்லை. அருள்பாண்டி கையை நீட்டியபடியே நின்றார், அவசரப்படுத்தவில்லை. மீனாட்சிசுந்தரம் தேநீர் வாங்கி வரச் சொன்னார். தேநீர் என்ற சொல்லைக் கேட்டதும் அழகுசுந்தரம் இரும்பை அருள்பாண்டியின் கையில் வைத்துவிட்டு எழுந்தார். தேநீருக்காக நிற்கவில்லை.

இடிபட்ட வளைவைச் சீராக்கி, கம்பிகளை மாற்றி, அருள்பாண்டி அன்று மாலையே மூன்று கற்களையும் ஊற்றினார். அவை இப்போது கொத்தமங்கலத்து விடுதியின் முகப்பில் இருக்கின்றன. எழுத்துகள் தெருமுனையிலிருந்தே தெளிவாகத் தெரிகின்றன. மீனாட்சிசுந்தரம் வண்டியில் அழைத்துப் போவதாக இருமுறை வந்து கேட்டும் அழகுசுந்தரம் போய்ப் பார்க்கவில்லை. பட்டறைக்கும் அதன்பின் போகவில்லை. மருத்துவரைப் பார்த்து மருந்து சாப்பிட்டார், பலன் குறைவு. 2024 நவம்பரில் நிமோனியாவால் இறந்தார்.

அதற்கு முன்பு, அருள்பாண்டி ஒருநாள் பார்க்க வந்தபோது, குழாய் இன்னும் பிடிப்பானிலேயே இருக்கிறதா என்று அழகுசுந்தரம் மனைவியிடம் கேட்டிருக்கிறார். இருந்தது. அவரும் அருள்பாண்டியும் பின்கட்டுக்குப் போனார்கள். அழகுசுந்தரம் ஒரு தகட்டுப் பட்டையைக் குழாயின் மீது வைத்து, உள்ளங்கையால் அழுத்தி வளைத்தார். பாதி வட்டம் வந்ததும் கை நழுவியது. அருள்பாண்டி உதவ வந்ததை அவர் ஏற்கவில்லை. பட்டையைக் குழாயிலேயே விட்டுவிட்டுப் படுக்கைக்குத் திரும்பினார். அருள்பாண்டி அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார். படத்தில் உள்ள தேதி: 3 ஜூன் 2024.