ரீட்டா அக்காவின் பொட்டில்லாத படம்

ரீட்டா அக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, கொட்டாஞ்சேனை வீட்டில்.

தயவுசெய்து பேஸ்புக்கில் சுற்றும் அந்தப் படத்தைப் பகிராதீர்கள். மாலையும் பொட்டும் போட்ட அந்தப் படம்... அது ஒரு டிவி நாடகத்துக்காக நான் எடுத்தது.

இளமையில் இரண்டு சினிமாப் படங்கள். பிறகு இருபது வருடங்களுக்கு மேல் தொலைக்காட்சி. பெரும்பாலும் செத்துப்போன அம்மா.

எங்கள் நாடகங்களில் இது வழக்கம். மூன்றாவது எபிசோடில் அம்மா சாவார். கடைசி எபிசோட் வரை சுவரில் தொங்குவார்.

நான் அசிஸ்டன்ட் டைரக்டராகச் சேர்ந்த முதல் நாளே கேட்டார்: "பிள்ளை, இந்த முறை எனக்கு என்ன வருத்தம்?"

"ஹார்ட் அட்டாக், அக்கா."

"போன முறையும் அதுதானே. ஒரு கான்சர் தந்தா நாலு சீன் கூட நடிக்கலாம்."

அவர் கத்தோலிக்கர். பொட்டு வைப்பதில்லை. ஷூட்டிங் முடிந்ததும் அதைப் பிய்த்து என் கிளிப்போர்டில் ஒட்டுவார். "வைச்சிரு. நான் மாதா கோயிலுக்குப் போகோணும்."

கடைசி வரை சாகாத ஒரு வேடம் எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதினேன். வெள்ளவத்தையில் தனியாக வாழும் ஒரு டீச்சர்.

தயாரிப்பாளர் வாசித்தார். "நல்லா இருக்கு. டீச்சர் செத்தா இன்னும் நல்லா இருக்கும்."

நான் மறுக்கவில்லை.

அக்காவிடம் சொன்னபோது போனில் சிரித்தார். "சரி, இந்த முறையாவது பொட்டில்லாமச் சாகலாமோ எண்டு கேட்டுப் பார்."

அதையும் நான் கேட்கவில்லை.

இப்போது பொரளை மலர்ச்சாலையில், அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தலைமாட்டில் அக்கா நடித்த அந்த டீச்சரின் படம். கனடாவில் இருக்கும் அக்காவின் தம்பி பேஸ்புக்கிலிருந்து எடுத்து அனுப்பினாராம். நாடகத்தின் ஸ்கிரீன்ஷாட்... பிளாஸ்டிக் மாலையும் சேர்ந்தே பிரின்ட் ஆகியிருக்கிறது. அதன் மேல் நிஜ மாலை ஒன்று. பக்கத்தில் சிலுவை.

"இது நாடகப் படம்" என்றேன், அக்காவின் தங்கை மகளிடம்.

"தெரியும். வேற கிளியரா ஒண்டும் இல்லை. உங்களிட்ட இருக்கா?"

ஆறு வருடம் கூட வேலை செய்தேன். போன் முழுக்கத் தேடினேன். எல்லாவற்றிலும் பொட்டு. எல்லாம் சுவருக்காக எடுத்தவை.

மூன்று மணிக்குக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பொட்டில்லாத படம் யாரிடமாவது இருந்தால் இப்போதே அனுப்புங்கள். தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

போயிட்டு வாங்கோ, அக்கா. மூன்று மணி வரைக்கும் தேடுறன்.