பங்கு பிரியாத ராஜ்யம்

இதுவரை பிறந்த சக்கரவர்த்திகள் அத்தனை பேரும் என் சித்தியிடம் டியூஷனுக்கு வந்திருக்க வேண்டியவர்கள். சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆள் வராத நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் ராஜா விளையாட்டு. மூன்று மாதம் பாடுபட்டு ஒரு ராஜ்யத்தைக் கட்டியிருந்தாள். ராஜாவுக்கு வயது எழுபது, மகன்கள் மூன்று பேர். அவர் செத்தால் விளையாட்டின் சட்டப்படி நாடு மூன்று துண்டாகிவிடும்.

"சின்னவங்க ரெண்டு பேரையும் சாமியாராக்கி மடத்துல சேர்த்துட்டா பங்கே கிடையாது சித்தி."

"போடா! தொட்டில்லேர்ந்து வளர்த்த பசங்க. மனசு வரலை."

அவள் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கப் போனதும், நானே இருவருக்கும் சாமியார்ப் பெயர் வைத்து மடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ராஜா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். சித்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், வரைபடம் முழுக்க மூத்தவனின் ஒரே நிறம்.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பசங்களே மனசு மாறிப் போயிட்டாங்க போல சித்தி."

"ஆமாமா," என்று என் காதைப் பிடித்தாள். "குறட்டைச் சாமி, கொட்டாவிச் சாமின்னு பேரையும் அவங்களேதான் மாத்திக்கிட்டாங்களா?"