சாமுண்டீஸ்வரி வைத்த டிக்டேஷன்

யாராவது பேச வாயெடுத்தால் சாமுண்டீஸ்வரி முதலில் அவர்களை இடம் மாற்றுவாள். தோள் இரண்டையும் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல மெதுவாக. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பவரைத் திருப்பி, வெளிச்சம் உதட்டில் விழும்படி நிறுத்துவாள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு வரும்படி கையை வீசுவாள். உதட்டை மறைக்கும் மீசைக்காரர்களோடு பேச்சே கிடையாது. பெரியப்பா சம்பத்துக்கு அப்படியொரு மீசை. "இவளாண்ட பேசறதுக்கு நான் சலூனுக்குப் போய்ட்டு வரணுமா?" என்பார். அம்மா கிளியம்மாள் அதை உதடு தெரியத் திருப்பிச் சொன்னதும், ஆமாம் என்று தலையாட்டுவாள்.

ஆறு வயதில், 1981இல் வந்த காய்ச்சலோடு காது போயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியது, தட்டையாக, உரக்க. அதன் பிறகும் நாலு வருடம் பம்மலில் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொன்னார்கள். அவளுக்குப் பின்னல்கள்தான் தெரிந்தன. கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் என்று அடி வேறு.

நான்காம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் அவளைப் பார்த்து "பாடு" என்றார். பாடு என்றாலும் மாடு என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். மாடு எப்படிக் கத்தும் என்று கேட்கிறார் போல என்று எழுந்து, மனசாரக் கத்தினாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் மாடு. வருடக் கடைசியில் ஃபெயில்.

அப்பா லோகநாதன் பஸ் கண்டக்டர். பயணி ஒருவர் சொன்னதைக் கேட்டு, தாம்பரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளியில் சேர்த்தார். குரோம்பேட்டை வரை பஸ், அங்கிருந்து ரயில்.

அங்கே பதிவேட்டுப் பெயர் பதிவேட்டோடு சரி. பிள்ளைகளுக்குள் ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. கன்னத்தில் மச்சமுள்ள லோகநாயகிக்குக் கன்னத்தில் ஒரு விரல். புதிதாக வந்தவளுக்கு நீளப் பின்னலைக் காட்டும் பெயரை வைக்க வந்தார்கள். சாமுண்டீஸ்வரி மாட்டேன் என்றாள். இரண்டு விரல்களை நெற்றியின் இரு பக்கமும் கொம்பாக வைத்துக் காட்டினாள். ஏன் என்று லோகநாயகி கேட்டாள். பதிலுக்கு அவளை ஒரு முட்டு முட்டினாள். பெயர் நின்றுவிட்டது.

லோகநாயகிதான் காகித வித்தையைக் காட்டினாள். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம். 'ப' சொன்னால் காகிதம் துள்ளும். 'ம' சொன்னால் அசையாது, மூக்கில் விரல் வைத்தால் அதிரும். இவ்வளவுதானா என்று சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வந்தது. நாலு வருடத்தில் ஒருத்தருக்கும் ஒரு காகிதம் கிழிக்கத் தோன்றவில்லை.

கணக்கில் முதலாவதாக வந்தாள். த்ரோபாலில் கேப்டன் ஆனாள். ரயிலில் அவர்கள் கையசைத்துப் பேசுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களை, அவர்கள் முகத்துக்கு நேரே கையாலேயே திட்டினாள்.

1990இல் எட்டாம் வகுப்பு முடிந்த லீவில் பெரியப்பா வந்தார்.

"இன்னாடா லோகு, பொண்ணு நல்லாத்தானே பேசுது. இன்னும் எத்தினி நாளைக்கு அந்த ஊமை ஸ்கூல்ல போட்டுக்கினு இருப்பே? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் இன்னா கேப்பான்?"

"அங்க நல்லா கீதுண்ணா."

"இங்க நல்லா இருக்காதா? ஹெட்மிஸ்ட்ரஸாண்ட சொல்லிட்டேன். நம்ம குடுத்த கட்டடத்துலதான் ஒம்பதாங்கிளாஸே நடக்குது."

லோகநாதன் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். சாமுண்டீஸ்வரி அம்மாவின் முகத்தைத் திருப்பி நடந்ததையெல்லாம் படித்தாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாள், "வரேன். அப்பாவும் வரணும்" என்றாள்.

அவளை ஃபெயிலாக்கிய அதே பம்மல் பள்ளிக்கூடம். தலைமையாசிரியை ரமா சிரித்த முகத்தோடு வரவேற்றார். "சும்மா ஒரு டிக்டேஷன் சார், ஃபார்மாலிட்டிதான்" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தில் குனிந்து வாசிக்கத் தொடங்கினார். வகிடும் மல்லிகைச் சரமும் தெரிந்தன. சாமுண்டீஸ்வரி பேனாவை மூடினாள்.

"மூஞ்சியக் காட்டுங்க மிஸ்."

"கிளாஸ்ல அறுபது பேர் இருக்காம்மா. ஒருத்திக்கு மட்டும் மூஞ்சியக் காட்டிண்டு நிக்க முடியுமா?"

"அப்போ நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். ரமா வேடிக்கையாகத்தான் எழுந்தார். சாமுண்டீஸ்வரி சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ஐந்து சொற்கள் சொன்னாள். மூன்றாவது சொல்லில் ரமாவின் சிரிப்பு நின்றது.

"இன்னா பேஜாருடா இது" என்றார் பெரியப்பா.

பலகையில் இருந்தவை: மாலை, மல்லி, படம், பூட்டு, பாடு.

சாமுண்டீஸ்வரி ஒவ்வொன்றாக அடித்தாள். "பாலை. பல்லி. மடம். மூட்டு. மாடு." சத்தம் வராந்தா வரை போயிற்று. "நான் சொன்னது பல்லி. உங்க தலையில மல்லி இருக்குது, அதான் மல்லின்னு எழுதிட்டீங்க. நானும் இப்பிடித்தான் எழுதினேன், நாலு வருஷம். நீங்க ஃபெயில் போட்டீங்க."

கீழே பெரிதாக ஒரு முட்டை போட்டாள். "இப்ப நீங்க ஃபெயில்."

"லோகு, பொண்ண அடக்குடா!"

லோகநாதன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "கையக் கழுவிக்கினு வாம்மா. தாம்பரத்துல யூனிபார்ம் துணி எடுக்கணும்" என்றார். அண்ணனிடம், தரையைப் பார்த்தபடி, "அது அங்கயே படிக்கட்டும்ணா."

அங்கேயே படித்து, 1992இல் பத்தாவது எழுதினாள். கணக்கில் தொண்ணூற்றேழு.

இன்னொன்று வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. பம்மல் பள்ளியில் அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்த கங்கையம்மாள் சொன்னது. டிக்டேஷனுக்கு முந்தின நாளே சாமுண்டீஸ்வரியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குப் பயந்து யாரும் அதை அடிக்கவில்லை. ஜூன் முழுக்க, ஜூலையிலும் பாதி, தினமும் காலையில் அந்த வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம்.