நான்காவது பதில்

எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் நடந்தது இது. அப்போது நான் கெங்குவார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் பெரியகுளம் போய் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் வந்தது. அதனால் இதை நினைவிலிருந்தே எழுதுகிறேன். எழுத உட்காருவதற்கு முன்னால் அம்மாவிடமும் தம்பியிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். அவர்கள் சொல்வது என் நினைவோடு ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

எங்களுக்கு எல்லாப் பாடமும் தமிழில்தான். இங்கிலீஷ் ஒன்றுதான் வேற்று மொழி. வகுப்பை விட்டு வெளியே வந்தால் அதைப் பேச ஆளில்லை. கண்டக்டர் "ரைட்" சொல்வதோடு சரி. அந்த வருஷம் புதிதாக வந்த இங்கிலீஷ் சார் நல்ல மனிதர். பிள்ளைகள் பயமில்லாமல் வாய் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காகப் பாடப் புத்தகத்தில் இருந்த உரையாடல்களை நடிக்க வைத்தார். 'டாக்டரிடம்' என்ற பாடத்துக்கு வகுப்பை இரண்டாகப் பிரித்தார். சுவர்ப் பக்கத்து பெஞ்சுகள் எல்லாம் டாக்டர். ஜன்னல் பக்கத்து பெஞ்சுகள் எல்லாம் நோயாளி.

"ரெண்டையும் படிச்சா ரெண்டும் குழம்பிப்போகும். அவுகவுக பங்கை மட்டும் நல்லாப் படிச்சுட்டு வாங்க" என்பார்.

நான் ஜன்னல் பக்கம். என் பங்கு ஆறு வாக்கியங்கள். குட் மார்னிங், டாக்டர். ஐ ஹேவ் எ ஃபீவர், டாக்டர். சின்ஸ் எஸ்டர்டே ஈவ்னிங், டாக்டர். நோ, டாக்டர். ஒன்லி சம் ரைஸ் க்ரூயல், டாக்டர். தேங்க் யூ, டாக்டர். எனக்கு ஜோடியாக வந்த டாக்டர், பெரியகுளம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். அவள் என்ன கேட்கிறாள் என்று நான் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. அவள் நிறுத்தினால் நான் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அவளும் அப்படித்தான். இருவரும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்ததும் சார் "வெரி குட்" என்று மேஜையைத் தட்டினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் ஆறு வாக்கியங்களையும் ஒப்பித்துக் காட்டினேன். மகளுக்கு இங்கிலீஷ் பேச வந்துவிட்டது என்று அம்மா முடிவு செய்ததில் தவறில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அந்த வாரம் தம்பிக்குக் காலில் முள் குத்தியது. அவனுக்கு ஆறு வயது. கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் ஓடியபோது கருவேல முள் பாதத்தில் ஏறிவிட்டது. அப்பா பிடுங்கி எறிந்தார். ஆனால் நுனி உள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. கால் வீங்கி, சீழ் கோத்து, தொடை இடுக்கில் நெறி கட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சலும் வந்துவிட்டது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் தயங்கினார்கள். காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் காதில் சீழ் வடிந்தபோது, ஊரில் ஊசி போடும் கம்பவுண்டர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து அவனுக்கு ஊசி போட்டார். போட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, முகம் பூசணிக்காய் போல வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு இழுத்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியை மறித்து ஏறிப் பெரியகுளம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்தான். "இந்த ஊசி இவனுக்கு ஆகாது, எங்கன போனாலும் சொல்லிருங்க" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். மருந்தின் பெயர் யார் மனதிலும் நிற்கவில்லை. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி, அதில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கிப் போட்டார்கள் என்பது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா மாந்தோப்புக் குத்தகை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அம்மாவும் நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே வழக்கமாக இருக்கும் டாக்டர் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. ஸ்வீடன் நாட்டுக்காரர். வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தமிழில் வலி, காய்ச்சல், நாளைக்கு வாங்க என்பதோடு அவருடைய பேச்சு முடிந்தது. மற்றதை எல்லாம் நர்ஸம்மா தமிழாக்கிச் சொல்வார்.

எங்கள் முறை வந்து உள்ளே போய் உட்கார்ந்தபோது, பிரசவ அறையிலிருந்து நர்ஸம்மாவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர் போக முடியாமல் எங்களைப் பார்த்தார்.

"நீங்க போங்க தாயி, அங்கன ஒரு உசுரு தவிக்குது" என்றாள் அம்மா. "எம்மக இருக்கா. பெரியகுளத்துல இங்கிலீசு படிக்கிறா."

நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனாப்பு?"

"ஒம்பதாப்பு."

"டாக்டரம்மாட்ட பேசிருவியா?"

தலையை ஆட்டினேன். டாக்டரிடம் பேசுவது ஒன்றுதானே எனக்கு மிக நன்றாகத் தெரியும்!

நர்ஸம்மா போனதும் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொல்லி நிறுத்தினார். "குட் மார்னிங், டாக்டர்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்து ஒன்று கேட்டார். அவர் உச்சரிப்பு எங்கள் சாருடையதைப் போல இல்லை. எந்தச் சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் நிறுத்தினார். "ஐ ஹேவ் எ ஃபீவர், டாக்டர்." அவர் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். மறுபடி ஒரு கேள்வி. "சின்ஸ் எஸ்டர்டே ஈவ்னிங், டாக்டர்." காய்ச்சல் உண்மையிலேயே முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தது! அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. எனக்கும் தரையில் கால் பாவவில்லை.

பிறகு அவர் தம்பியின் காலை அழுத்திப் பார்த்தார், நெறியைப் பார்த்தார். நிமிர்ந்து, நிதானமாக ஒரு நீளமான கேள்வி கேட்டார். அதில் இன்ஜெக்‌ஷன் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதைப் பற்றி யோசிப்பதற்குள் அவர் நிறுத்திவிட்டார். என் முறை.

"நோ, டாக்டர்" என்றேன்.

அவர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். போகும்போதே திரும்பிப் பார்த்து இன்னொன்று கேட்டார். "ஒன்லி சம் ரைஸ் க்ரூயல், டாக்டர்." கொஞ்சம் அரிசிக் கஞ்சி மட்டும்தான் என்று அர்த்தம். இந்தத் தடவை அவர் புருவம் லேசாக உயர்ந்தது. என்னை ஒரு கணம் பார்த்தார். ஆனாலும் கை வேலையை நிறுத்தவில்லை. ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். அதில் வெள்ளைப் பொடி. ஊசியால் தண்ணீரை ஏற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிக் குலுக்கினார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"ஏ புள்ள, அது அன்னைக்குப் போட்ட மருந்துல்ல? அதே வெள்ள மருந்துடி! ஊசியப் பத்தி உங்கிட்ட கேட்டாகளா, இல்லையா? நீ என்னடி சொன்ன?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். தேங்க் யூ, டாக்டர். அதைச் சொன்னால் ஊசியைப் போட்டுவிடுவார்.

"சொல்லுடி ஆத்தா! பேசாம நிக்கிறியே!" என்று அம்மா அலறினாள்.

நான் தம்பிக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன். டாக்டரம்மாவின் கையை நான் பிடித்துத் தள்ளினேன் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. நின்றது மட்டும்தான் தெரியும். ஆனால் சொன்னது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

"நோ! நோ இன்ஜெக்‌ஷன்! பிஃபோர் இன்ஜெக்‌ஷன்... ஃபேஸ் பிக்! ஐஸ் க்ளோஸ்!"

மூச்சு முட்டியதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை இடுக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக் காட்டினேன். பின்னாலேயே அம்மாவும் கன்னத்தை உப்பிக் காட்டினாள். அதுவரை அழுதுகொண்டிருந்த தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு என்று தெரியாமல் அவனும் கன்னத்தை உப்பினான். அன்றைய நாளில் அவனுக்கு ஞாபகம் இருப்பது இது மட்டும்தான்.

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். வெளுத்த முகம் இன்னும் வெளுத்துப்போனது. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, குப்பியைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "திஸ் மெடிசின்? பிஃபோர்? பிக் ஃபேஸ்?"

"எஸ், டாக்டர்."

என் பங்கில் எஸ் என்ற சொல்லே கிடையாது. அன்று நான் கேள்வியைக் கேட்டு, புரிந்துகொண்டு, சொன்ன முதல் பதில் அதுதான்.

சற்று நேரத்தில் நர்ஸம்மா திரும்பி வந்தார். பெண் குழந்தையாம், தாயும் பிள்ளையும் சுகமாம். எங்கள் கதையைக் கேட்டதும் அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து போய்விட்டது. "ஏம்மா, முன்னாடி ஊசி ஆகாமப் போனத உள்ள வந்ததும் எங்கிட்ட சொல்லியிருக்க வேணாமா? ஊசி ஏதும் ஆகாமப் போயிருக்கான்னு டாக்டரம்மா கேட்டதுக்கு இந்தப் பிள்ள 'இல்ல'ன்னு சொன்னத நம்பித்தான் அவுக மருந்தையே எடுத்திருக்காக" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி எந்த வாசல்ல ஏறினாலும் மொதல்ல அதைத்தான் சொல்லுவேன் தாயி" என்றாள். அந்த மருந்தின் பெயர் பென்சிலின் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்து, அம்மாவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். டாக்டரம்மா காலைக் கீறிச் சீழை எடுத்து, உள்ளே இருந்த முள் நுனியையும் எடுத்து, மருந்து வைத்துக் கட்டி, விழுங்குவதற்கு மாத்திரைகள் கொடுத்தார்.

நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். டாக்டரம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"அவுக ஊருலயும் இங்கிலீஷ் வேற மொழிதானாம். பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணித்தான் படிச்சாகளாம். மெட்ராஸ்ல வந்து எறங்குன அன்னைக்கு, ஸ்டேஷன்ல போர்ட்டர் என்ன கேட்டாலும், 'எனக்கு ஜன்னல் ஓரத்துல சீட்டு வேணும்'னே சொல்லிக்கிட்டு நின்னாகளாம். போர்ட்டர் பெட்டியக் கீழ வச்சுட்டுப் போயிட்டானாம்!"

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மா அந்த ஜன்னல் ஓர வாக்கியத்தை அதே பள்ளிக்கூட ராகத்தில் சொல்லிக் காட்டினார். ராகம் எங்கள் வகுப்பு ராகம்தான், கொஞ்சமும் வித்தியாசமில்லை. வடக்கே எங்கோ பனியில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளும் நாங்களும் ஒரே மாதிரிதான் படித்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதி, திரும்பும் பஸ்ஸில் தம்பி என் மடியில் தலை வைத்துத் தூங்கியபோது இறங்கியது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவன் மூச்சு சீராக வந்து போனதைக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அம்மா, யாருக்கும் கேட்காமல், பென்சிலின், பென்சிலின் என்று உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனதும் ஜவுளிக்கடைக்காரர் மகளிடம் கேட்டேன். "ஏய், நாலாவதா நீ என்ன கேப்ப?"

அவள் முதலிலிருந்து விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தைப் பிடித்தாள். மருந்து ஏதாவது சாப்பிட்டாயா என்பதுதான் கேள்வி. "ஏன், உனக்குத் தெரியாதா? நீதான தெனமும் 'நோ' சொல்ற?" என்றாள். எதற்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். அடுத்த வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பெஞ்சு பெஞ்சாக வந்து, வரிசை மாற்றி வாய்க்கு வந்ததைக் கேட்டார். எவ்வளவு கூச்சல், எவ்வளவு உளறல்! ஆனால் அன்றிலிருந்து யாருக்கு எந்தக் கேள்வி வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டாக வேண்டியிருந்தது. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியத்தையும் எழுதிப் போட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மிக அதிகமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

தம்பியின் கால் தீபாவளிக்குள் ஆறிவிட்டது. இப்போது அவனுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நானோ வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போய், இங்கிலீஷிலேயே எழுதவும் பேசவும் பழகிவிட்டேன். ஆனாலும் எதிரே இருப்பவர் எதையாவது கேட்டு நிறுத்தும்போது என் நாக்கு உடனே எழாது. கேட்டது சரியாகப் புரிந்ததா என்று ஒரு கணம் என்னையே கேட்டுக்கொள்கிறேன், புரியாவிட்டால் மறுபடி சொல்லுங்கள் என்கிறேன், அப்படிக் கேட்பதற்கு எந்த மொழியிலும் நான் வெட்கப்படுவதில்லை.