குட்டி நாற்காலியில் ஒரு அப்பா

மகளின் எல்.கே.ஜி. வகுப்பில் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் செய்யும் வேலையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் நான் போக வேண்டியதாயிற்று. தோவாளைச் சந்தையில் பூக்கடை வைத்திருந்தும், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான்.

குழந்தைகளுக்கான கைவைத்த குட்டி நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முழங்கால் நெஞ்சில் முட்டியது. மிஸ் கதவைச் சாத்தினார். கொண்டுபோன பிச்சிப்பூவைக் காட்டி, தமிழில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"இனி இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார் மிஸ்.

பிச்சிப்பூவுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்றே எனக்குத் தெரியாது. எழுந்து ஓடலாம் என்றால் நாற்காலி இடுப்பை விடவில்லை.

"ஏட்டி, உனக்க அப்பாக்குத் தெரியாதா?" என்று ஒரு சிறுமி என் மகளிடம் கேட்டாள். என்னால் மகள் தலைகுனியப் போகிறாளே என்று எனக்கு வியர்த்தது.

அவள் எழுந்து வந்து என் காதில் சொன்னாள்: "அப்பா, தெரியலைன்னா கையத் தூக்கணும். மிஸ் ஏசமாட்டாவ."

நான் படித்த பள்ளியில் தெரிந்தவர்கள்தான் கை தூக்குவார்கள். தெரியாதவர்களுக்குக் கையில் அடி விழும். பத்தாவது வரை நான் கை தூக்கியதே இல்லை.

மெதுவாகத் தூக்கினேன்.

"ஜாஸ்மின்!" என்று வகுப்பே கத்தியது. என் மகளின் சத்தம்தான் அதிகம்.

முன்பெல்லாம் வங்கியில் எதுவும் புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்போது, "சார், எனக்குப் புரியல" என்று கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது வலது கை தானாகக் கொஞ்சம் உயர்கிறது.