பார்ட்னருக்கு லீவு கிடையாது

திருப்பதியில் ஈவ்லினுக்குத் தெரிந்த வீடுகள் நிறைய. தெரிந்த மனிதர்கள் அவ்வளவு இல்லை. விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்து வருவாள். கதவு திறக்கும், ஒரு கை நீளும். ஊசி இறங்கும் நேரத்தில் பெரும்பாலானவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவாள். எந்தக் கையில் நரம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

எடுத்த ரத்தக் குழாய்களை ஆய்வகத்தின் ஜன்னலில் கொடுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அவள் குடியிருப்பது கொர்லகுண்டாவில் மாடியில் ஒரு அறை. சமைப்பாள், சாப்பிடுவாள், கொஞ்சம் தூங்குவாள். குவைத்திலிருக்கும் மகன் ஆசிர் வாரத்தில் ஒருநாள் கூப்பிடுவான். மற்ற நாட்களில் மறுநாள் காலை முதல் கதவு திறக்கும்வரை அவளோடு பேச யாரும் இல்லை. அதே வேலையைச் செய்யும் மற்றவர்களின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

சித்தூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நெடுங்காலம் இருந்தவள் அவள். கணவர் கிளமென்ட் இறந்துபோன மறுவருடம் ஆய்வகம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் வயதானவர்களை நிறுத்திவிட்டார்கள். அப்போது கண்ணில் பட்டதுதான் திருப்பதிக் கம்பெனி ஒன்றின் விளம்பரம்: "பகுதி நேர வாய்ப்பு. சுயதொழில். நேரம் உங்கள் விருப்பம். உங்களுக்கு நீங்களே முதலாளி." நேரம் தன் விருப்பம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகலாம் என்று எண்ணித்தான் அவள் சேர்ந்தாள். சேர்ந்தவர்களைக் கம்பெனி பார்ட்னர் என்றுதான் சொல்லும்.

ஆனால் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமைதான். சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிறு, போக வேண்டிய வீடுகளைப் போனில் காட்டும் கம்பெனி ஆப்பை அணைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். மறுநாள் ஆப் அவளுக்குக் கொடுத்தது ரேணிகுண்டா தாண்டி ஏர்பேட்டில் ஒரே ஒரு வீடு. கிடைத்த காசு பெட்ரோலுக்கே போயிற்று. அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இந்த வருடம் சித்தூரிலிருந்து அக்கா கிருபாவதி கூப்பிட்டாள்.

"போன வருசமும் வரல நீ. சபையில இன்னா கேக்கறாங்க தெரியுமா? ஈவ்லின் கீறாளா, கிளமென்ட் பின்னாடியே போய்ட்டாளான்னு கேக்கறாங்க."

"யாரு கேட்டது?"

"யாரு கேட்டா இன்னா? அறுப்பின் பண்டிகைக்கு வர்றியா, இல்லியா?"

"ஞாயித்துக்கிழமதான் வேலை ஜாஸ்தி, அக்கா."

"நானே முதலாளின்னு சொல்லிக்கினு திரிஞ்சியே! முதலாளியால ஒருநாள் கடைய மூட முடியாதா?"

விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடும் நாள் அது. வெளியூர் போனவர்கள் அன்றைக்காவது திரும்பி வருவார்கள். வராதவர்களைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு விசாரிப்பதையும் விட்டுவிடுவார்கள். ஈவ்லினுக்கு அந்த இரண்டாவதை நினைத்துத்தான் பயம்.

கம்பெனியில் வீடுகளைப் பிரித்துக் கொடுப்பவன் ஜெயச்சந்திரன். திண்டுக்கல் பக்கம், வந்து சில மாதங்கள்தான். தெலுங்கு வராது. தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஈவ்லினுக்குத் தமிழிலேயே செய்தி அனுப்புவான். அவனுக்கு அவள் எழுதினாள்: "சார், வர்ற ஞாயிறு எனக்கு செலவு வேணும். சித்தூர் போகணும்."

சித்தூர்ப் பக்கத்துத் தமிழருக்குச் செலவு என்றால், தெலுங்கில் போலவே, விடுமுறையும்தான். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்க்கு லீவைவிட அதுவே முதலில் வரும். திண்டுக்கல்லில் செலவு என்றால் காசு செலவு மட்டும்தான்.

பதில் உடனே வந்தது: "செலவெல்லாம் பார்ட்னர் பொறுப்புதான் மேடம். கம்பெனியைக் கேட்கத் தேவையில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இவ்வளவு சுலபமா? கேட்காமல் இருந்தது தன் தப்புதான் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் ஒரு புதுப் புடவை வாங்கினாள்.

சித்தூரில் அக்கா கணவர் தனராஜ்தான் ஏலம் விட்டார். மில் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே தெருக்கோடிக்குக் கேட்கும் குரல்.

"திருப்பதி முதலாளியம்மா வந்துகீறாங்க! பூசணிக்காய அவங்கள மீறி யாராவது கேட்டுடுவீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை முகங்கள் தன் பக்கம் திரும்பி எவ்வளவோ காலமாகிவிட்டது. வெட்கத்தோடு கையைத் தூக்கினாள். பூசணிக்காய் அவள் மடிக்கு வந்தது.

சாப்பிடும்போது தனராஜ் விடவில்லை. "முதலாளின்னு சொல்றியே, உனக்குப் பதிலா வேற யாரையாவது அனுப்ப முடியுமா?"

"முடியாது மாமா. என் மூஞ்சியக் காட்டினாத்தான் ஆப்பே தொறக்கும்."

"ஒரு வீட்டுக்குப் போவமாட்டேன்னு சொன்னா?"

"மறுநாள் வீடே வராது."

"அப்போ நீ வேலைக்காரிதான். பேருக்குத்தான் முதலாளி."

"துன்ற நேரத்துல அவள வம்புக்கு இழுக்காதீங்க" என்றாள் கிருபாவதி.

ஈவ்லின் போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினாள். "பாருங்க மாமா. செலவு என் பொறுப்பாம், கேக்கவே வேணாமாம்."

தனராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவரும் சித்தூர்க்காரர்தானே. "பரவால்லையே! நம்ம சங்கத்தால கடைசி வரைக்கும் வாங்க முடியாதத நீ ஒரே மெசேஜ்ல வாங்கிட்டியே" என்றார்.

கோயிலுக்குள் போகும்போது ஆப்பை அணைத்து மணியை நிறுத்தியவள், அன்று பூராவும் யாருடைய அழைப்பையும் பார்க்கவில்லை. பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை ஆப் திறக்கவில்லை. கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. சீருடை போட்டு, தலையை வாரி, ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி ஆபீஸ் திறக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

"எங்க போனீங்க மேடம்?" என்றான் ஜெயச்சந்திரன். "அத்தன புக்கிங்! போன் மேல போன் போட்டேன்."

"செலவு என் பொறுப்புன்னு நீங்கதான சார் எழுதினீங்க?"

"சார் வேணாம், நாமெல்லாம் பார்ட்னர்ஸ். ஆமா, செலவு உங்க பொறுப்புதான். சித்தூர் போக பஸ் டிக்கெட்டுக்குக் கம்பெனி எப்படிக் காசு குடுக்கும்?"

"பஸ் டிக்கெட்டா?"

இருவரும் போனைப் பார்த்தார்கள். அவள் சொன்னதும் அவன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். "செலவுன்னா லீவா! எங்க ஊர்ல போய்ச் சொன்னா நம்பமாட்டாங்க மேடம்." அவளுக்கும் சிரிப்பு வந்தது. திருப்பதியில் இன்னொருவரோடு சேர்ந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ தப்பு யார் மேலயும் இல்ல. தொறந்து விட்டுடுங்க."

அவன் சிரிப்பு நின்றது. "லீவுன்னு காரணம் எழுதித் திறக்க முடியாது மேடம். பார்ட்னருக்கு லீவு கிடையாது."

"லீவு இல்லன்னா வர்றதும் வராததும் என் இஷ்டம்தான?"

"இஷ்டம்தான். ஆனா வரணும்."

"வரலன்னா?"

"ஆப்சென்ட்."

"லீவே இல்லாத எடத்துல ஆப்சென்ட் எங்கேர்ந்து தம்பி வந்துச்சு?"

அவன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நான் என்ன மேடம் பண்ண? வேலை, லீவு, சம்பளம், இந்த வார்த்தையெல்லாம் எழுத்துல வரவே கூடாதுன்னு மேல சொல்லியிருக்காங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. உடம்பு சரியில்லன்னு ஒரு மெசேஜ் போடுங்க. மதியத்துக்குள்ள நானே திறந்து விடுறேன்."

"நான் கோயில்ல இருந்தேனே."

"அது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

அவன் திரையைப் பார்த்தபடி சொன்னான்: "கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நரசிம்மன்னு ஒரு பெரியவர். மதியம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருந்திருக்கார். வேற ஆள அனுப்பினேன். வழக்கமா வர்றவங்கதான் வேணும், கை நீட்டமாட்டேன்னுட்டார்."

ஈவ்லினுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. சர்க்கரை உள்ளவர். இடது கை நரம்பு சட்டென்று நழுவும். "அவர் நம்பர் குடுங்க தம்பி."

"கஸ்டமர் நம்பரப் பார்ட்னருக்குத் தரக் கூடாது மேடம்."

வீடு அவளுக்குத் தெரியும். நேராகப் போய் மணியை அடித்தாள். நரசிம்மன் கதவை அரையாகத் திறந்தார்.

"யாரும்மா?"

"ஈவ்லின்."

அவருக்குப் புரியவில்லை. வழக்கமாகத் தொப்பியும் முகக்கவசமுமாக வருபவள் இன்று வெறும் முகத்தோடு நின்றாள். "ரத்தம் எடுக்க வருவேனே, ஐயா" என்றாள்.

"ஓ, கம்பெனி அம்மாவா! மூஞ்சிய இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்."

"நேத்து உங்களக் காக்க வச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

"தலை சுத்திடுத்தும்மா. லீவு போடறதுன்னா கம்பெனில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடக் கூடாதோ?"

"சொல்லிட்டுத்தான் போனேன். அவங்களுக்குப் புரியல."

"நல்ல கம்பெனி! அங்க எத்தனை நாளா வேலை பாக்கறே?"

வேலை இல்லை ஐயா, நான் பார்ட்னர் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் படியில் நின்று சொல்வதற்கு அது சிரிப்பாக இருந்தது. "ரெண்டாவது வருசம் நடக்குது" என்றாள்.

"அடுத்த தடவை நீயே வா. வேற யாரையும் அனுப்பக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல கண்டிப்பாச் சொல்லிடு."

தெருமுனை வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திப் போனை எடுத்தாள். உடம்பு சரியில்லை என்று தட்டினாள். சித்தூர்ச் சபையில் ஜோசப் வாத்தியாரின் பெண்டாட்டியும் பாஸ்டரம்மாவும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வந்துட்டியா ஈவ்லின் என்று கேட்ட நாள் அது. அன்றைக்கு அவள் படுக்கையில் கிடந்ததாக எழுத்தில் இருக்கப்போகிறது. அழித்தாள். நிஜத்தை எழுதினால் நாளைக் காலை எந்தக் கதவும் திறக்காது என்பதும் தெரியும். நிழல் நகர்ந்து வெயில் கால்மேல் ஏறும்வரை அப்படியே நின்றாள். பிறகு எழுதினாள்:

"ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரவில்லை. லீவு எடுத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். நரசிம்மன் ஐயாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்."

அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள். படியேறும்போது ஜெயச்சந்திரன் கூப்பிட்டான்.

"மேடம், வேலைன்னே எழுதிட்டீங்களே! இத மேல அனுப்பினா உங்க ஐடிய மூடிடுவாங்க. நான் பாக்காத மாதிரி இருக்கேன். அழிச்சிட்டு வேற அனுப்புங்க."

"இல்ல தம்பி. அதுவே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க மேடம்."

"யோசிச்சுட்டுத்தான் அனுப்பினேன்."

அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"அக்கா, காலைல சாப்டீங்களா?"

"இல்லப்பா" என்றாள் ஈவ்லின். "இனிமேதான்."